அச்சாணிக்கு வாய் உண்டா?

மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜில் ஓர் ஆகாய விமானச் சில்லு நினைவுப் பொருளாக வைக்கப்பட்டிருக்கின்றது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கிப் புறப்பட்ட டி.சி. 8 ரக விமானமொன்று, இடையே கொழும்பில் இறங்க வந்தபோது ஏழுகன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரேனும் பிழைக்கவில்லை.

சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் அவ்வழியே சென்றபோது அச்சில்லின் முன் சிறிது நேரம் நின்றோம். பத்தாம் வகுப்பு மாணவனொருவன் அதன் இறப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, “சேர், இந்த டயர் வெடிச்சுத்தான் பிளேன் விழுந்திச்சா?” என்று கேட்டான். இல்லை என்றோம். விமானிகள் தாம் எவ்விடத்தில் இருக்கின்றோம் என்பதைப் பிழையாகக் கொண்டு, விமான நிலையத்தை அணுகிவிட்டதாக எண்ணி, மலைகளுக்கிடையே தாழ இறங்கியதே காரணமென விசாரணையில் கண்டனர் என்று விளக்கினோம். அவன் விடவில்லை. “அப்ப டயர் ஒரு பிழையும் செய்யல. பிறகு ஏன் சேர் அதைக் கொண்டாந்து வெச்சிருக்காங்க?”

அவனுக்கு அப்பொழுது சொல்ல எம்மிடம் விடை இருக்கவில்லை. வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி எம்மைத் தொடர்ந்தது. சில்லு பிழை செய்த விபத்து எங்கேனும் உண்டா என்று தேடத் தொடங்கினோம். அவ்வாறு தேடியபோது கண்டவையே இக்கட்டுரைக்குக் காரணம். இயந்திரக் கதையாகத் தொடங்கியது ஒழுக்கவியற் கேள்வியாக முடிந்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று.

விமானமென்றதும் நமக்கு நினைவுக்கு வருவன இறக்கைகளும் இயந்திரங்களுமே. கால்களை எவரும் நினைப்பதில்லை. ‘லாண்டிங் கியர்’ எனப்படும் தரையிறங்கு சில்லுத்தொகுதி, வானத்தில் இருக்கும் நேரமெல்லாம் வயிற்றுக்குள் மடங்கிக் கிடக்கும் வெறும் சுமை. ஆயினும் அறுபது தொன்னுக்கு மேற்பட்ட பாரம் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தைத் தொடும் அந்தக் கணத்தில், அனைத்தையும் தாங்குவது அதுவே. தடித்த உருக்குக் காலொன்று. அதனுள்ளே எண்ணெயும் அழுத்தப்பட்ட நைதரசன் வாயுவும். அடியிலே அச்சும், தடுப்புகளும், டயர்களும். மோட்டார் வண்டியின் டயரிலே சதுர அங்குலத்துக்கு முப்பது இறாத்தல் அளவிலான அழுத்தம் இருக்குமாயின், பெரிய விமானத்தின் டயரிலே அது இருநூறு இறாத்தல் வரை செல்லும். அதனுள் அடைப்பதும் சாதாரணக் காற்றன்று. 1986 மார்ச் 31ஆம் நாள் மெக்சிக்கோவில் போயிங் 727 விமானமொன்றின் தடுப்பு சூடேறி, காற்று நிரப்பப்பட்டிருந்த டயர் வானத்தில் வெடித்து, 167 பேர் இறந்தனர். காற்றிலுள்ள ஒட்சிசன் கொதிக்கும் இறப்பரோடு சேர்ந்தால் என்னவாகும் என்பதை உலகம் அவ்வாறுதான் கற்றது.

இத்தொகுதியைப் பரிசோதிப்போரின் வேலையைச் சற்றுக் கவனிப்போம். மனித ஒழுக்கத்தைப் பற்றி நூல்கள் சொல்லாத சில செய்திகள் அவ்வேலையில் உள்ளன.

காலின் உள்ளுருளை பளபளவென்று எவ்வளவு நீளம் வெளியே தெரிகின்றது என்பதை அளக்கின்றார்கள். குறைந்தால் உள்ளே வாயுவோ எண்ணெயோ குறைந்துவிட்டது என்பது பொருள். கசிவைத் துடைத்துவிட்டு மீண்டும் கசிகின்றதா எனப் பார்க்கின்றார்கள். தடுப்பின் தேய்மானத்தைக் காட்டச் சிறு ஊசியொன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது மட்டத்துக்கு வந்துவிட்டால் தடுப்பை மாற்றவேண்டும். மூட்டுகளுக்குக் கிறீஸ் இடவேண்டும். வெடிப்பு உண்டெனச் சந்தேகித்தால், சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, அதன்மேல் வெண்பொடியைத் தூவிப் பார்க்கின்றார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு மயிரிழைபோலச் சிவந்து வெளிப்படும். குறித்த காலத்துக்கொருமுறை விமானத்தையே முட்டுக் கொடுத்து உயர்த்தி, கால்களை மடக்கியும் நீட்டியும் பார்க்கின்றார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுக்கொருமுறை தொகுதி முழுவதையும் கழற்றி, பூச்சுகளைச் சுரண்டி, உலோகத்தின் வெற்றுடம்பைச் சோதிக்கின்றார்கள்.

இவற்றுள் டயரின் அழுத்தத்தை அளப்பதுதான் மிக எளிய வேலை. எளிய வேலையாயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே அச்சில் இரண்டு சில்லுகள் அருகருகே பூட்டப்பட்டிருக்கும்போது, ஒன்றிலே அழுத்தம் குறைந்தாலும் அது தட்டையாகத் தோன்றாது. அடுத்த சில்லு அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்துகொள்ளும். கண்ணால் நோக்குவோனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மானியை வைத்து அளந்தாலன்றி உண்மை புலப்படாது. அளந்தவன் ஒருவன், அவன் எழுதிய எண்ணை நம்பிப் பறப்போர் நூற்றுக்கணக்கானோர்.

இனி ஜித்தாவுக்கு வருவோம். 1991 ஜூலை 11ஆம் நாள் காலை. ஹஜ்ஜை முடித்துக்கொண்டு நைஜீரியாவின் சொக்கோட்டோ நகருக்குத் திரும்பும் யாத்திரிகர் 247 பேர் ஒரு டி.சி. 8 விமானத்தில் ஏறினர். நோட்டன் பிரிட்ஜ் மலையில் மோதியதும் இதே ரகம். அதிலே சென்றோரும் யாத்திரிகரே. நைஜீரியா எயர்வேஸ், கனடாவின் நேஷன் எயர் கம்பனியிடமிருந்து வாடகைக்குப் பெற்ற விமானம் அது. அதன் இடப்பக்கக் காலிலே இரண்டாம் இலக்கச் சில்லில் அழுத்தம் போதாமலிருந்தது. இது எவருக்கும் தெரியாத செய்தியன்று. நான்கு நாளுக்கு முன்பே, ஜூலை 7ஆம் நாளிலேயே, தலைமை இயந்திரத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. டயருக்கு நிரப்ப நைதரசன் கேட்கப்பட்டது. அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவில்லை. தேடிக் கொணர்வதென்றால் தாமதம். பயண அட்டவணையோ ஏற்கெனவே பின்தங்கியிருந்தது. அங்கே கம்பனியின் அலுவல்களுக்குப் பொறுப்பாயிருந்த முகாமையாளர் விமானப் பராமரிப்பில் தேர்ந்தவரல்லர். தாமதத்தை அவர் ஏற்கவில்லை. விமானம் பறக்கத் தகுந்தது எனக் குறிக்கப்பட்டது.

ஜூலை மாதத்து அரேபிய வெயிலில், நிறைந்த பாரத்தோடு, விமானம் ஓடுபாதையை நோக்கி நெடுந்தூரம் ஊர்ந்தது. சோர்ந்த சில்லின் சுமையையும் சேர்த்துச் சுமந்த முதலாம் இலக்கச் சில்லுதான் முதலில் வெடித்தது. குற்றம் ஒன்றிடம், உடைந்தது மற்றொன்று. பின்னர் இரண்டாவதும் சிதைந்தது. சுழலாமல் ஓடுபாதையில் உரசித் தீப்பற்றியது. விமானிகள் ஏதோ சத்தத்தைக் கேட்டனர். டயரோ என்ற ஐயமும் அவர்களுக்கு எழுந்தது. எனினும் எழும்பினர். எழும்பியதும் வழக்கப்படி சில்லுகளை உள்ளே மடக்கினர். எரிகின்ற கொள்ளியை வீட்டுக்குள் எடுத்து வைத்துக் கதவை மூடியதற்கு ஒப்பாயிற்று அது. பத்து நிமிடத்துக்குள், திரும்பி வந்து இறங்க முயன்ற விமானம் ஓடுபாதையை எட்டுமுன் வீழ்ந்தது. ஊழியர் 14 பேரோடு 261 பேரும் இறந்தனர்.

இங்கேதான் எமது கேள்வி பிறக்கின்றது. குற்றவாளி யார்?

‘முகாமையாளரே’ என்று நம்மைப் போன்றோர் உடனே சொல்லிவிடுவோம். அவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. இலாபமும் அட்டவணையும் அவர் வாயால் பேசின. அவருக்கு மேலே கனடாவில் இருந்தோர் யாத்திரிகரைக் கண்ணாற் கண்டவருமல்லர். ஆயினும் இவ்வளவு விரைவாகக் கிடைத்த விடையில் எமக்கு நம்பிக்கையில்லை. எண்ணை அறிந்த தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் ஒருமுறை கேட்டார், மறுக்கப்பட்டது, அதன் பின் விமானம் புறப்பட்டது. ‘நான் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை’ என்பது எவ்வளவு தூரம் ஒரு மனிதனைக் காப்பாற்றும்? அறிந்தவனுக்கு அறியாதவனைவிடக் கூடிய கடன் இல்லையா? உழைப்பாளி என்பதற்காக ஒருவரை எல்லாப் பொறுப்பினின்றும் விடுவிப்பது அவரை மதிப்பதாகாது என்பது எம் கருத்து. குழந்தையையும் பைத்தியக்காரனையுமே நாம் அவ்வாறு விடுவிக்கின்றோம். ஆகவே அத்தொழிலாளியை நாம் முற்றாக விடுவிக்க ஒருப்படோம். ஆனால் அவரோடு நின்றுவிடவும் ஒருப்படோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அன்று வெயில் சற்றுத் தணிந்திருந்து, பாரமும் சற்றுக் குறைந்திருந்து, அச்சில்லு இன்னொரு பயணத்தையும் தாங்கியிருக்குமாயின் என்ன? யாத்திரிகர் வீடு சேர்ந்திருப்பர். முகாமையாளர் திறமைசாலி எனப் பெயரெடுத்திருப்பார். தொழிலாளி தேவையின்றிப் பயந்தவர் எனச் சிரிக்கப்பட்டிருப்பார். செயல் ஒன்றே, விளைவு மட்டும் வேறு. ஜூலை 7க்கும் 11க்கும் இடையே கழிந்த நாள்களில் குற்றம் இருந்ததா, இல்லையா? இருந்ததெனின், உலகெங்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை குற்றங்கள் விபத்தின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன!

இதனைப் பாரிஸ் நகரில் நிகழ்ந்ததொன்று மேலும் சிக்கலாக்குகின்றது. 2000 ஜூலை 25ஆம் நாள் கொன்கோர்ட் விமானம் எழும்பும்போது, ஓடுபாதையிற் கிடந்த உலோகத் துண்டொன்று டயரைக் கிழிக்க, எரிபொருட் தாங்கி சிதைந்து, தீப்பற்றி, நிலத்திலிருந்த நால்வரோடு 113 பேர் மாண்டனர். அத்துண்டு சற்று முன் புறப்பட்ட அமெரிக்க விமானமொன்றிலிருந்து விழுந்தது, ஒழுங்காகப் பொருத்தப்படாதது. விசாரணையின்போது வேறொன்றும் வெளிப்பட்டது. சில நாள்களுக்கு முன் கொன்கோர்ட்டின் இடப்பக்கச் சில்லுத்தொகுதியில் வேலை செய்தோர், இடைவளையம் ஒன்றைத் திரும்பப் பூட்ட மறந்திருந்தனர். அக்குறை விபத்துக்குக் காரணமன்று என விசாரணையாளர் முடிவு செய்தனர். அதனை ஏற்காதோரும் உளர். ஆக, இரண்டு கவனக்குறைவுகள். ஒன்று விளைவை உண்டாக்கியது, மற்றையது உண்டாக்கவில்லை. 2010இல் பிரெஞ்சு நீதிமன்றம் உலோகத் துண்டைச் செய்து பொருத்திய தொழிலாளிக்கு ஒத்திவைக்கப்பட்ட பதினைந்து மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கம்பனிக்கு அபராதம் விதித்தது. 2012இல் மேல்முறையீட்டில் அக்குற்றத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. மனிதர் இரு தரப்பினரும் ஒரே வகையான பிழையைத்தான் செய்தனர். சட்டம் கைநீட்டியது ஒரு தரப்பின்மேல் மட்டும். நீதி என்பது விளைவைத் துரத்துவது. மனச்சாட்சிக்கு அந்த வசதி இல்லை.

மனச்சாட்சி என்றோம். ‘ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சிப்படி நடந்தால் எல்லாம் சரியாகும்’ என்று பாடசாலைக் காலைக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் உபதேசம் ஒன்றுண்டு. ஜித்தாவில் அத்தொழிலாளியின் மனச்சாட்சி உறங்கிக் கிடந்ததற்குச் சான்றில்லை. அது நைதரசன் கேட்டது. கேட்டதற்கு மேல் செல்ல அதற்குக் கால் இல்லை. ஒருவரிடம் கடமையைச் சுமத்திவிட்டு, அக்கடமையைச் செய்யும் அதிகாரத்தை வேறொருவரிடம் கொடுத்துவைப்பதைக் கடமை என்பதா, பொறி என்பதா?

இன்னொரு டி.சி. 8. 1978 டிசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர். இறங்குவதற்காகச் சில்லுகளை நீட்டியபோது பேரோசையொன்று கேட்டது. துருவேறிப் பலமிழந்திருந்த தண்டொன்று விடுபட, வலப்பக்கக் கால் தடாலென விழுந்திருந்தது. சில்லு பூட்டிக்கொண்டதா இல்லையா எனத் தலைமை விமானி ஆராய்ந்துகொண்டே ஒரு மணி நேரமளவு வட்டமிட்டார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அது தீர்வதை விமானப் பொறியியலாளர் கண்டார், சொல்லவும் செய்தார். ஆனால் தலைவருக்குத் தாழ்ந்தவர் சொல்லும் முறையில், பணிவாக, அரைகுறையாக. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. 189 பேரில் 10 பேர் இறந்தனர். அப்பதின்மருள் அந்தப் பொறியியலாளரும் ஒருவர்.

துருப்பிடித்த தண்டைப் பற்றி எழுதியோர் உளர். எமக்கோ அந்தப் பணிவே பெரிய துருவாகத் தோன்றுகின்றது. அதனைப் பின்னர் விமானக் கம்பனிகளே உணர்ந்தன என்பது வியப்பு. அவ்விமானத்தின் உரிமையாளரான யுனைட்டெட் கம்பனி 1981இல் ஒரு பயிற்சியைத் தொடங்கிற்று: கீழுள்ளவர் அஞ்சாது சொல்லவேண்டும், மேலுள்ளவர் கேட்கவேண்டும் என்பதற்கான பயிற்சி. உலகின் பிற கம்பனிகளும் பின்பற்றின. அதற்கு முன்பே, 1976இல், விமானத் தொழிலில் உள்ளோர் தாம் கண்ட பிழைகளையும் தாமே செய்த பிழைகளையும் பெயர் வெளிவராமல் அறிவிக்க அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. பராமரிப்பு வேலையிலோ, விமானத்தைப் பறக்க விடுவிக்கும் கையொப்பம் உரிமம் பெற்ற தனி மனிதருடையது. சம்பளம் கம்பனியுடையதாயினும் உரிமம் அவருடையது. முக்கியமான சில பூட்டுகளை ஒருவர் பூட்ட, வேறொருவர் சுயேச்சையாகப் பார்த்து இரண்டாவது கையொப்பம் இடவேண்டும்.

இவ்வேற்பாடுகள் முதலாளிகளின் கருணையால் வந்தவை என்று எவரும் எண்ணவேண்டாம். பிணங்கள் பேசியதால் வந்தவை. விமானம் விழுந்தால் மறைக்க முடியாது. விலையும் மிகப் பெரிது. மறைக்கக்கூடிய விபத்துகள் நிகழும் தொழில்களில் இத்தகைய ஏற்பாடுகள் எவ்வளவு உள்ளன? எமது தொழிலை எடுத்துக்கொள்வோம்.

வள்ளுவரின் அச்சாணி உவமையை ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கின்றோம். உருண்டோடும் பெருந்தேருக்குச் சிறிய அச்சாணி எவ்வளவு அவசியமோ, அவ்வாறே தோற்றத்தில் சிறியோரும் அவசியம். ஆதலின் அவர்களை இகழற்க. எளியோருக்குப் பெருமை தரும் குறளென்று நாமும் மகிழ்ந்து விளக்கியுள்ளோம். இப்பொழுது ஓர் ஐயம் எழுகின்றது. வினைத்திட்பம் என்ற அதிகாரத்திலே அமைந்த குறள் அது. அமைச்சருக்கும் ஆள்வோருக்கும் கூறப்பட்டது. இகழாதே என்பது தேரோட்டிக்குக் கட்டளை. அச்சாணி என்ன சொல்கின்றது என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. தேர் புறப்படும் நேரத்தை அச்சாணி தீர்மானிப்பதில்லை. ‘இன்று ஓடாதே, நான் தேய்ந்துவிட்டேன்’ என்று சொல்ல அதற்கு வாயும் இல்லை. வள்ளுவர் காலத்துத் தேரைப் பற்றி நாம் குறைகூற வரவில்லை. ஆனால் அக்குறளைச் சொல்லி மாணவரை மகிழ்விக்கும் நாம், அவர்களை வாயில்லா அச்சாணிகளாகவே தயாரிக்கின்றோமோ என்ற பயம் எமக்குண்டு.

ஆசிரியராகிய எமக்கும் ஒரு பதிவேடு உண்டு. எந்தத் திகதியில் எந்தப் பாடம் கற்பிக்கப்பட்டது என்பதை எழுதிக் கையொப்பமிடவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பாடசாலையில் நாம் படிப்பித்த காலத்தில், இரண்டாம் தவணையில் மூன்று வாரங்கள் வரவேற்பு விழாவொன்றுக்கான ஒத்திகையில் கழிந்தன. வாழை கட்டுவதும், பிள்ளைகளை வெயிலில் வரிசையாய் நிறுத்துவதுமே வேலை. தவணை முடிவிற் பரிசோதகர் வருவார் என்று செய்தி வந்தது. அலகுகள் அனைத்தும் முடிந்ததாகப் பதிவேடு காட்டவேண்டும் என்று சொல்லப்பட்டது. உத்தரவாக அன்று, “சேர், பாத்துச் செய்யுங்க” என்று நட்பாக. நாம் எழுதினோம். கற்பிக்காத இலக்கணப் பகுதி இரண்டுக்கும், நடைபெறாத கட்டுரைப் பயிற்சிக்கும் எதிரே திகதி இட்டுக் கையொப்பமிட்டோம். பரிசோதகர் பார்த்தார், அவரும் கையொப்பமிட்டார். இரண்டாவது கையொப்பமும் ஆயிற்று.

எவரும் இறக்கவில்லை. மறுவருடம் சாதாரண தரப் பரீட்சையில் அவ்வகுப்பிற் சிலர் தமிழிற் சித்தியடையவில்லை. தாய்மொழியிற் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தர வகுப்பின் கதவு திறப்பது கடினம். அவர்களுள் ஒரு பெண் இப்பொழுது கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கின்றாள் என்று கேள்விப்பட்டோம். அவள் தவறியதற்கும் எமது கையொப்பத்துக்கும் தொடர்பு உண்டா? நிச்சயமாகச் சொல்ல இயலாது. வேறு நூறு காரணங்கள் இருந்திருக்கலாம். டயர் வெடித்தால் ஓடுபாதையிலே துண்டுகள் கிடக்கும். பொறுக்கியெடுத்து, இலக்கமிட்டு, எந்தச் சில்லு முதலில் வெடித்தது என்று கண்டுபிடிப்பார்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் அவ்வாறு பொறுக்க எவரும் வருவதில்லை. எமது பொய் விபத்தென்ற பெயரைப் பெறாமலே போயிற்று.

அன்று நாம் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பலமுறை எண்ணியதுண்டு. தூரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் வந்திருக்கலாம். ஒன்றும் நடவாதிருந்திருக்கவும் கூடும். உண்மையில் எம்மைத் தடுத்தது தண்டனைப் பயம்கூட அன்று. எல்லோரும் எழுதும்போது நாம் மட்டும் எழுதாதிருந்தால், அருகிலிருப்போரைப் பொய்யராக்கிவிடுவோமே என்ற கூச்சம். ஜித்தாவின் அத்தொழிலாளிக்கும் அக்கூச்சம் இருந்திருக்குமோ? தனித்து நின்று ‘இயலாது’ என்பது வீரருக்கு உரியது. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளின் உயிரையும் கல்வியையும் வீரரின் அபூர்வமான வருகையை நம்பி விட்டுவைக்கலாமா? சாதாரண மனிதன், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில், அதிக துணிவு ஏதுமின்றி ‘இது சரியில்லை, நான் கையொப்பமிடமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்கக்கூடிய நிலை வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும், அருகில் நிற்க இருவர் வேண்டும்.

நோட்டன் பிரிட்ஜில் கேள்வி கேட்ட மாணவனிடம் ஜித்தாவின் கதையைப் பின்னர் சொன்னோம். நீண்ட நேரம் பேசாதிருந்துவிட்டு அவன் கேட்டது இதுதான்: “அந்த மெக்கானிக் கூட இன்னும் ரெண்டு பேர் நின்டிருந்தா, சேர்?”

இவ்வாண்டும் இரண்டாம் தவணையில் விழாவொன்று வந்தது. பதினொரு நாள்கள் போயின. பதிவேடு மேசைக்கு வந்தபோது, கணிதம் படிப்பிக்கும் ஆசிரியையோடும் விஞ்ஞான ஆசிரியரோடும் பேசினோம். விஞ்ஞான ஆசிரியர் முதலில் சிரித்தார். பிறகு ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் மூவரும் ஒரே மையில், ஒரே இடைவேளையில், அந்தப் பதினொரு நாள்களுக்கும் எதிரே ‘கற்பிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டு அதிபரின் மேசையில் வைத்தோம். இதை எழுதும்வரை பதிவேடுகள் திரும்பி வரவில்லை.